சிலுவைத் தியானமும் தக்காணத்துச் சம்பிரதாயங்களும்

சமய சம்பிரதாயம் ஒன்றை மதிப்பிடப் புகுவோர் முதலில் அதன் நூல்களைப் புரட்டுவதே வழக்கம். சிலுவை நெறியைப் பொறுத்தமட்டிலோ, அந்நெறியில் நின்றவர்கள் எவரோடு ஒரே பந்தியில் அமர்ந்தார்கள், தங்கள் கைப்பொருளை என்ன செய்தார்கள் என்ற இரண்டையும் முதலில் விசாரித்துவிட்டு, அதன் பின்னரே நூல்களைத் திறப்பது முறை என்பது என் துணிபு. உள்ளத்துள் ஒருவர் அடைந்த ஆவிக்குரிய வளர்ச்சியைப் பிறர் அளக்க இயலாது. அளக்க முயன்றவர்கள் பெரும்பாலும் கண்ணீரையும் குரலின் உயரத்தையும் அளந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பந்தியும் பணப்பையும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. இதைச் சோதித்துப் பார்க்க ஹைதராபாத்தைவிட வாய்ப்பான நகரம் நம் நாட்டில் அரிது. ஏனெனில் நிஜாமின் பழைய ராஜ்யத்தில் அயர்லாந்து இத்தாலி தேசத்துக் கத்தோலிக்கக் குருமாரும், வெஸ்லியின் சீடரும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்ட உபதேசியார்களும், அமெரிக்க பாப்டிஸ்டுகளும், எந்த மிஷனையும் சாராத பஞ்சாபியர் ஒருவரும் வந்து, சிலுவையை நாட்டி, அதன் தாற்பரியம் இன்னதென்று தத்தம் வழியில் சொல்லியும் வாழ்ந்தும் இருக்கிறார்கள்.

சிலுவை இங்கே பட்டாளத்தோடு வந்து வேரூன்றியது என்பதை மறைப்பதற்கில்லை. மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் செகந்திராபாத் என்று பெயர்பெற்ற பாளையத்தில் சென்னை ராணுவத்தின் படைகள் தங்கின. அவற்றோடு சிப்பாய்களாகவும், சமையற்காரர்களாகவும், கணக்கர்களாகவும், குத்தகைக்காரர்களாகவும் தமிழர் வந்தனர். 1813-இல் எழுந்த புனித யோவான் ஆலயமும், 1847-இல் பொல்லாரத்தில் எழுந்த திரித்துவ ஆலயமும் வெள்ளை அதிகாரிகளின் வழிபாட்டைக் கருதிக் கட்டப்பெற்றவை. பாளையத்தில் வாளைவிடக் காய்ச்சலே மிகுதியான உயிர்களைக் குடித்தது. ரொனால்டு ராஸ் 1897-இல் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்ததும் இதே செகந்திராபாத்தில்தான். ஆகவே பாளையத்துக் கிறிஸ்தவனுக்குச் சிலுவை பலகாலம் கல்லறைத் தோட்டத்து அடையாளமாகவே இருந்தது. அதைத் தினசரி வாழ்வின் பிரமாணமாக ஆக்கும் பணி, அதிகாரிகளின் ஆலயங்களுக்கு வெளியே, தமிழிலும் தெலுங்கிலும் ஜபித்தவர்களிடையே நடைபெற வேண்டியிருந்தது.

கத்தோலிக்க மரபை முதலிற் சொல்லலாம். டேனியல் மர்ஃபி என்ற அயர்லாந்துக் குருவின் முயற்சியால் செகந்திராபாத்தில் 1850-இல் புனித மரியாள் ஆலயம் எழுந்தது. பின்னர் வந்த மிலான் நகரத்து மிஷனரிமாரின் காலத்தில், 1870-களில், கன்ஃபவுண்டரிப் பகுதியில் புனித சூசையப்பர் பேராலயம் கட்டப்பட்டது. அப்பேராலயத்தில், மைக்கலாஞ்சலோ செதுக்கிய பியேத்தா சிற்பத்தின் பிரதி ஒன்று இருக்கிறது. சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட மகனைத் தாய் மடியில் கிடத்தியிருக்கும் அந்த உருவத்தில் ஆணியும் முள்ளும் பின்னுக்குப் போய், பாரம் ஒன்றே முன்னுக்கு வருகிறது. கத்தோலிக்க சிலுவைத் தியானத்தின் சுபாவம் இதுவே. விளக்குவதற்கு முன் அது தாங்கிக்கொள்ளச் சொல்கிறது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நடைபெறும் சிலுவைப் பாதைக்கு 14 நிலைகள் என்று 1731-இல் வரையறை செய்யப்பட்டது முதல், அந்தப் பதினான்கு நிலைகளிலும் ஆண்டுதோறும் அதே முழங்காலிடுதலும் அதே மௌனமும் தொடர்ந்து வருகின்றன. ஆன்ம வளர்ச்சியைத் தூய்மையடையும் நிலை, ஒளிபெறும் நிலை, ஒன்றிக்கும் நிலை என மூன்றாக வகுப்பது அம்மரபின் பழைய கணக்கு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற படிகளைக் கேட்டு வளர்ந்த தமிழர் செவிக்கு இது புதிதன்று. அவசரமில்லாமல், பழக்கத்தின் மூலமாகவே மனிதனைத் திருத்தலாம் என்ற நம்பிக்கை இதன் பலம். ஆனால் பந்திச் சோதனையில் அம்மரபு மிகவும் தாமதித்தே தேறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலாக ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா உயர்த்தப்பட்டது 2022-ஆம் ஆண்டில்தான்.

வெஸ்லியன் மிஷன் 1870-களின் இறுதியில் சென்னையிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தது. ஜான் வெஸ்லியின் சீடருக்குச் சிலுவை மன்னிப்பின் இடம் மட்டுமாக நின்றுவிடவில்லை. மன்னிக்கப்பட்டவன் அன்பில் பூரணப்பட வேண்டும், அந்தப் பூரணம் இவ்வுலக வாழ்விலேயே நாடத்தக்கது என்பது அவர்களுடைய தனிச் சித்தாந்தம். சித்தாந்தத்தைவிட அவர்கள் கண்ட உபாயமே எனக்கு வியப்பளிப்பது. ஏறத்தாழ பன்னிரண்டு பேர் கொண்ட சிறு வகுப்பாகச் சபையாரைப் பிரித்து, வாரந்தோறும் ஒரு தலைவரின் முன் கூடி, ஒவ்வொருவரும் தம் ஆத்துமத்தின் நிலையை வாய்விட்டுச் சொல்லும்படி செய்தார்கள்; காலாண்டுக்கு ஒருமுறை சீட்டுக் கொடுத்தார்கள்; ஒழுக்கம் தவறினால் சீட்டு நின்றுவிடும். ஆவிக்குரிய வளர்ச்சிக்கு இப்படி வாராந்தரக் கணக்கு வைப்பது நம்மவர்க்குச் சற்றே வணிக வாடை அடிக்கலாம். இருந்தாலும், பக்தியைத் தனிமனிதனின் அந்தரங்கச் சொத்தாக விட்டுவிடாமல் நாலு பேர் கேள்வி கேட்கத்தக்கதாக அது ஆக்கியதே!

இம்மரபின் கண்கண்ட சாட்சி, ஹைதராபாத்துக்கு வடக்கே சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மெதக் பேராலயம். 1896-இல் மெதக்குக்கு வந்த சார்லஸ் வாக்கர் பாஸ்நெட் என்ற போதகர், பஞ்சம் வந்தபோது, பசித்தவருக்குப் பிச்சை போடுவதைவிட வேலை கொடுத்துச் சோறிடுவதே மரியாதை என்று கருதி, சுற்றுவட்டாரத்து ஜனங்களைக் கொண்டே அதைக் கட்டுவித்தார். சுமார் 175 அடி உயரக் கோபுரமும், 200 அடி நீளமும் 100 அடி அகலமும் உடைய அவ்வாலயம், 1924-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் மூன்றும் ஃபிராங்க் சாலிஸ்பரி என்ற ஆங்கில ஓவியர் வகுத்தவை. அவற்றை நிறுவிய வரிசை கவனிக்கத்தக்கது. பலிபீடத்துக்குப் பின்னாலுள்ள பரமேறுதல் 1927-இலும், பிறப்பு 1947-இலும், சிலுவைப்பாடு எல்லாவற்றுக்கும் கடைசியாக 1958-இலும் வந்து சேர்ந்தன. இது திட்டமிட்ட ஒழுங்கென்று நான் வாதிக்கவில்லை. ஆனாலும் வெற்றியை முதலில் பார்த்துவிட்டு, அதன் பின் பிறப்பைப் பார்த்து, முப்பதாண்டு கழிந்தபின் சிலுவையைப் பார்த்த ஒரு சபையாரின் அனுபவத்தில், தக்காணத்துத் திருச்சபைகள் பலவற்றின் சரித்திரமே சுருக்கமாக அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. கிழக்குப் பக்கத்துச் சிறகிலுள்ள அந்தச் சிலுவைச் சாளரம் காலை வெயிலில் சுடர்விடும். பொழுது சாய்ந்தபின் மூன்று சாளரங்களும் ஈயக் கோடுகள் மட்டுமாகி விடுகின்றன. பாஸ்நெட் 1950-இல் காலமானார். கடைசிச் சாளரத்தை அவர் பார்க்கவில்லை.

தமிழ் வாசகர் நெடுநேரம் நின்று பார்க்க வேண்டியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்து, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சஞ்சரித்த அவர், 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்ச் சபையார் தங்கள் சொந்தச் செலவில் வெளியூர் ஊழியம் நடத்துவதைக் கண்டு, தொகையிலும் பழமையிலும் பெருமை பேசும் திருநெல்வேலிச் சபைக்கு அந்த எண்ணமே தோன்றவில்லையே என்று நாணினார். அந்த நாணத்தின் பலனாக 1903-இல் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அது தெரிந்துகொண்ட களம் நிஜாம் ராஜ்யத்தின் கிழக்குப் பகுதியிலிருந்த தோர்ணக்கல் வட்டாரம். இங்கிலாந்திலிருந்து காசு வர வேண்டாம், பனையேறிகளும் சிறு வியாபாரிகளும் ஆசிரியர்களும் கொடுக்கும் காணிக்கையே போதும் என்ற துணிவோடு சாமுவேல் பாக்கியநாதன் முதலான ஊழியர் அங்கே சென்று, தெலுங்கைக் கற்று, அந்நியர் நாட்டில் அந்நியராகவே குடியேறினர். 1909-இல் குருப்பட்டம் பெற்று அசரியாவும் சென்றார்; 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாப் பேராலயத்தில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஒரு கறுப்பர் தங்களுக்கு மேற்பார்வையாளரா என்று வெள்ளையர் சிலரும், சாதியைச் சுட்டி உள்ளூரார் சிலரும் முணுமுணுத்தனர்.

அசரியாவின் சிலுவை உபதேசத்தில் சூட்சும தத்துவம் அதிகமில்லை. தத்துவம் தெரியாதவர் அல்லர், அதற்கு அவருக்கு அவகாசமில்லை. அவருடைய மக்களில் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்ற இரு ஒடுக்கப்பட்ட சமூகத்தார், ஊருக்கு வெளியே வாழ்ந்தவர்கள், எழுத்தறியாதவர்கள், தமக்குள்ளேயே ஒருவர் வீட்டில் மற்றவர் உண்ணாதவர்கள். இவர்களுக்கு அவர் விதித்த ஆவிக்குரிய பாடம் அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கு சத்துருக்களோடு யுத்தம் செய்வது. சிலுவையைச் சுமப்பது என்றால் கள்ளுக்கடைக்குப் போகாதிருப்பது, சாகுகாரனிடம் கைநாட்டு வைக்காதிருப்பது, மாலரும் மாதிகரும் ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து பருகுவது. இதில் கடைசியானதே அவர்களுக்கு மிகக் கடினமாயிருந்தது. கடனை உதறிய குடும்பங்கள்கூட அந்தப் பாத்திரத்தின் முன் தயங்கி நின்றிருக்கின்றன; இந்தத் தயக்கத்துக்குப் பேராயர் இடம் கொடுக்க மறுத்தார். அசனப் பண்டிகையில் ஊரெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணும் திருநெல்வேலி வழக்கத்தை அறிந்தவர், சோற்றின் வல்லமையைப் பிரசங்கத்தின் வல்லமைக்குக் குறைவாக மதிப்பாரா?

கொடுத்தலைக் குறித்தும் அவர் அப்படியே உறுதியாயிருந்தார். கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. ஆனால் அந்நூலைப் படிக்க இயலாத பெண்களே அதன் சாரத்தை நடத்திக் காட்டினர். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, ஓய்வுநாளில் அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்தனர். ஒருவேளைக் கஞ்சிக்கே முட்டுப்பட்ட வீட்டில் அந்தப் பிடி அரிசி உபரியன்று. குழந்தையின் தட்டில் தெரியக்கூடிய குறைவு. ஏழைகளிடம் காணிக்கை வாங்கலாமா என்று பட்டணத்துக் கனவான்கள் கேட்டபோதெல்லாம், வாங்காவிட்டால் அவர்கள் என்றைக்கும் பிறர் கையை எதிர்பார்த்தே நிற்பார்கள் என்பதே அசரியா தரப்பின் வாதமாயிருந்தது. இன்று படிக்கும்போதும் எனக்கு அது முற்றிலும் சம்மதமாவதில்லை. எனினும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் கொண்ட ஒரு திருமண்டலம், சுதேசிக் குருமாரையும் கிராம உபதேசியார்களையும் முதுகெலும்பாகக் கொண்டு எழுந்ததைக் காணும்போது, எதிர்வாதம் செய்ய வாய் எழுவதில்லை. கோயில் மண்டபத்தின் சாயலும் மசூதியின் சாயலும் இணைந்த தோர்ணக்கல் பேராலயம் 1939-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் பிரதிஷ்டையாயிற்று. அசரியா 1945 ஜனவரி முதல் நாள் மறைந்தார். எந்தத் திருச்சபை ஐக்கியத்துக்காக அவர் வாதாடினாரோ, அந்தத் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் உதயமாயிற்று. மெதக்கும் தோர்ணக்கல்லும் அதன் திருமண்டலங்கள் ஆயின.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையில் வேறொரு வகுப்பார் சிலுவையின் தத்துவத்தை ஆராய்ந்து கொண்டிருந்தனர். வேங்கல் சக்கரை 1932-இல் சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். கைவிடப்பட்டவனாக ஆண்டவர் கதறிய அந்தக் கதறலில்தான் கடவுளின் ஆழம் திறக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. பின்னாளில் சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய ஒருவர் கதறலிலிருந்து தம் தியானத்தைத் தொடங்கியது பொருத்தமே. அவருடைய மைத்துனரும், நெல்லூரிற் பிறந்து புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்தவருமான செஞ்சையா, தீர்ப்பும் தண்டனையும் ஈடும் என்ற வழக்குமன்றப் பாஷையில் சிலுவையை விளக்குவதை விரும்பவில்லை என்பது ஒரு சுவையான முரண். இயேசுவில் ஒரு புது சிருஷ்டி தொடங்கிவிட்டது, அதில் ஆவியினால் பங்குபெறுவதே காரியம் என்றார் அவர். பாளையங்கோட்டைக் குடும்பத்திலிருந்து வந்து கோயம்புத்தூரின் முதற் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் கண்டு, நாயன்மாரும் ஆழ்வாரும் அறிந்த அன்பின் உருக்கத்தைச் சிலுவையடியில் தேடினார். மூவரும் பெரியோர், ஆனால் மூவருடைய நூல்களும் ஆங்கிலத்திற் பிறந்தவை. பிடி அரிசி கொடுத்த மாதர்க்கும் இவர்களுக்கும் இடையே சம்பாஷணை நடந்திருந்தால் இருசாராரும் பயனடைந்திருப்பர். அது நடக்காமற் போனது தென்னாட்டுக் கிறிஸ்தவத்தின் பெரிய நஷ்டங்களுள் ஒன்று.

அசரியாவுக்கு முற்றிலும் எதிர்த்திசையிலிருந்து வந்தவர் பக்த் சிங். 1903-இல் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்திற் பிறந்து, பொறியியல் படிக்க இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் சென்று, அங்கே வேதத்தை வாசித்து மனந்திரும்பி, 1932-இல் வான்கூவரில் ஞானஸ்நானம் பெற்று, மறு ஆண்டு பம்பாய்க் கரையிறங்கிய அவருக்குப் பட்டமும் இல்லை, அனுப்பிய சங்கமும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. சென்னையில் அவர் பிரசங்கங்கள் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. 1941-இல் பல்லாவரத்துக் குன்றின்மேல் சில சகோதரரோடு இரவு முழுதும் ஜபித்தபின், எந்தத் திருச்சபையையும் சாராத ஒரு கூடுகையை யெகோவா ஷம்மா என்ற பெயரால் தொடங்கினார். 1950-இல் ஹைதராபாத்தின் கோல்கொண்டா குறுக்குச் சாலைப் பகுதியில் எழுந்த எப்ரோன், அவருடைய ஊழியத்தின் தலைமையிடமாயிற்று. பேராயர் இல்லை, குருப்பட்டம் இல்லை, அங்கி இல்லை, அச்சிட்ட ஆராதனை முறையும் இல்லை.

எப்ரோன் வட்டாரத்துச் சிலுவை உபதேசம் தனிப் பக்குவமுடையது. இலண்டனில் ஊழியம் செய்த ஆஸ்டின் ஸ்பார்க்ஸ், சீனத்தின் வாட்ச்மன் நீ ஆகியோரின் போதனைக்கும் அதற்கும் நெருங்கிய உறவுண்டு. அப்போதனையின்படி, கிறிஸ்துவின் இரத்தம் நாம் செய்த பாவங்களுக்குப் பரிகாரம். சிலுவையோ பாவங்களைச் செய்துகொண்டேயிருக்கும் நம் சுயத்துக்கு முடிவு. மன்னிப்புப் பெற்றபின்னும் மனிதன் தன் சொந்தக் கெட்டிக்காரத்தனத்தால் தேவனுக்கு ஊழியம் செய்யப் பார்க்கிறான்; அந்தக் கெட்டிக்காரத்தனத்தையும் சிலுவையில் ஒப்புக்கொடுக்கும்போதே வளர்ச்சி ஆரம்பமாகிறது. கேட்பதற்கு உயர்ந்த போதனைதான். ஆயினும் சுயம் செத்துவிட்டதா என்று ஓயாமல் தன்னையே பரிசோதித்துக் கொண்டிருக்கும் ஒருவன், நட்ட விதை முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்க்கிறவனைப் போல், சுயத்தின்மேலேயே கண்ணாயிருந்து கெடுவதும் உண்டு. இந்த அபாயத்திலிருந்து எப்ரோனைக் காத்தது அதன் போதனையன்று, அதன் அடுக்களை என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் சபை, பாய்களின்மேல், ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகத் தரையில் அமரும். யாரும் நடத்தாத துதியும் ஸ்தோத்திரமும் ஒருவர்பின் ஒருவராக எழும்பும். பிறகு அப்பம் பிட்கப்படும். பிறகு நீண்ட வேதப் பிரசங்கம். பசி வயிற்றைக் கிள்ளும் நேரத்தில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. இருந்த இடத்திலேயே வரிசை திருப்பி உட்கார்ந்தால் அன்பின் விருந்து ஆரம்பமாகிவிடும்; சோறும் குழம்புமாக எளிய சாப்பாடு. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று தேர்ந்தெடுக்க அந்த வரிசையில் வழியில்லை. லேவியராகமத்தின் பண்டிகைகளை நினைவில் வைத்து ஆண்டுதோறும் நடத்தப்பட்ட பரிசுத்த சபைகூடுதல்களில் இதே பந்தி பல்லாயிரம் பேருக்கு விரிந்தது. பிராமணக் குடும்பத்தில் பிறந்தவரும், மாலர் குடியிருப்பிலிருந்து வந்தவரும், வெளிநாட்டு விருந்தினரும் ஒரே பந்தலின் கீழ்ப் படுத்தெழுந்து, ஒரே அண்டாச் சோற்றை உண்டனர். கட்டணம் கிடையாது, நன்கொடைக்கு வேண்டுகோளும் கிடையாது. தேவையை ஆண்டவரிடம் மட்டுமே சொல்வது என்ற விரதத்தை பக்த் சிங் கடைப்பிடித்தார்.

பேராயர் முறையே திருச்சபைக்கு அழகென்று நின்ற அசரியாவும், பேராயரே வேண்டாமென்ற பக்த் சிங்கும், திருச்சபை ஒழுங்கைப் பற்றி ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் ஒத்துப்போயிருக்க மாட்டார்கள். ஆனால் ஒருவர் திருநெல்வேலியிலிருந்தும் மற்றவர் பஞ்சாபிலிருந்தும் வந்து, ஒரே நிஜாம் மண்ணில், சிலுவையின் மெய்ம்மைக்கு ஒரே உரைகல்லைக் கண்டெடுத்தார்கள். யாரோடு உண்கிறாய், எதைக் கொடுக்கிறாய் என்பதே அது. தத்துவ ஒற்றுமையைவிட இந்த ஒற்றுமைக்கு மதிப்பு அதிகம் என்று கருதுகிறேன். பக்த் சிங்கின் கடைசிப் பத்தாண்டுகளோ வேறொரு பாடம். பார்க்கின்சன் நோய் அவரைப் படுக்கையில் கிடத்தியது; லட்சக்கணக்கானோரை அழைத்த குரல் அடங்கிற்று; சகோதரர் அவரை ஊட்டியும் துடைத்தும் பராமரித்தனர். 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-இல் அவர் எப்ரோனில் காலமானபோது நாராயணகுடா கல்லறைத் தோட்டம் வரை பெரும் ஜனசமுத்திரம் உடன் சென்றது. ஸ்தாபகர் மறைந்தபின் இத்தகைய இயக்கங்களுக்கு வரும் பிணக்குகள் அதற்கும் வராமற் போகவில்லை. அவற்றை விரிக்க இக்கட்டுரை இடமன்று.

பாப்டிஸ்டு, லூத்தரன் மரபுகளின் பலம் தெலுங்குக் கரையோர மாவட்டங்களில் மிகுதி. ஆயினும் அவர்களும் மெதடிஸ்டுகளும் தென்னிந்தியத் திருச்சபையாரும் இணைந்து 1964-இல் ராஜமுந்திரியில் தொடங்கிய ஆந்திரக் கிறிஸ்தவ இறையியற் கல்லூரி, 1970-களில் ஹைதராபாத்துக்கு மாறிற்று. வெவ்வேறு சிலுவை விளக்கங்களை ஒரே வகுப்பில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு அதனால் இளம் போதகர்க்குக் கிட்டியது. இந்த நூற்றாண்டில் நகரத்தின் புறவெளிகளில் எழுந்துள்ள மாபெரும் ஜபக் கூடங்களைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். ஆயிரமாயிரம் பேர் கூடும் அவ்விடங்களின் உற்சாகத்தைக் குறைகூற மாட்டேன். வேலையும் வீடும் தேடி நகருக்கு வந்த ஜனங்களுக்கு அவை ஊரும் உறவுமாக இருக்கின்றன. ஆனால் ஒளிவிளக்கு மேடையிலிருந்து சொல்லப்படும் சாட்சிகளில் கடன் தீர்ந்ததும், விசா கிடைத்ததும், மகளுக்கு வரன் அமைந்ததும் எண்ணிக்கையில் ஓங்கி, சிலுவை அவற்றுக்கெல்லாம் முன்பணம் கட்டிய ரசீதாகச் சுருங்கும்போது, அசரியாவின் காலத்துப் பிடி அரிசிப் பெண் அங்கே எந்தச் சாட்சியைச் சொல்வாள் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

ஹைதராபாத்தில் சிலுவையைப் பேசுகிறவர் எவரும் முஸ்லிம் அண்டையாரை மறந்து பேச முடியாது. இயேசுவை நபியாக மிக உயர்வாகப் போற்றும் குர்ஆன், அவர் சிலுவையில் அறையப்படவில்லை என்று சொல்கிறது. தன் தூதனை அத்தகைய இழிவுக்கு இறைவன் ஒப்புக்கொடுப்பானா என்ற அந்த மறுப்பு, இறைவனின் கௌரவத்தைக் கருதி எழுவது. அதை ஏளனமென்று எடுத்துக்கொண்டு வாதுக்கு எழுந்த பிரசங்கிகள் கண்ட பலன் சொற்பம். பழைய நகரத்தில் முஹர்ரம் பத்தாம் நாள் பீபி கா அலம் ஊர்வலம் வரும்போது, கர்பலாவில் தாகத்தோடு மாண்ட ஹுசைனுக்காக அழும் ஜனங்களைப் பார்த்தவர், நீதிமானின் பாடுகள் என்ற பொருளை இந்நகரம் அறியாது என்று சொல்லார். அந்தத் துக்கமும் பெரிய வெள்ளியின் துக்கமும் ஒன்றல்ல. ஒன்றென்று சொல்வது இருவருக்கும் அவமரியாதை. ஆனால் ஒன்றைக் கேட்டறிந்தவன் மற்றொன்றை மரியாதையோடு கேட்பான்.

இந்தக் கேள்விகளுக்கென்றே ஒரு ஸ்தாபனம் இங்கே உண்டு. புதிய ஏற்பாட்டை உருதுவில் மொழிபெயர்த்து 1812-இல் தம் 31-ஆம் வயதில் மாண்ட ஹென்றி மார்ட்டினின் பெயரால் 1930-இல் லாகூரில் தொடங்கப்பட்ட கல்விநிலையம், அலிகார், லக்னோ என்று பல இடங்கள் மாறி, 1970-களின் தொடக்கத்தில் ஹைதராபாத்துக்கு வந்தது. முஸ்லிம்களிடையே ஊழியம் செய்வோரைப் பயிற்றுவிக்க எழுந்த அது, காலப்போக்கில் இரு சமயத்தாரும் ஒருவரையொருவர் கற்கும் இடமாயிற்று. பழைய நகரத்தைக் கலவரங்கள் குலைத்தபின், இந்து முஸ்லிம் பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து படிக்கவும் தைக்கவும் கைத்தொழில் கற்கவும் வழிசெய்து, சமாதான ஊழியத்தில் இறங்கியது. பகைச்சுவரைச் சிலுவை தகர்த்தது என்ற பவுலின் போதனையை அதன் ஆதரவாளர்கள் தங்களுக்கு ஆதாரமாகக் கொள்வர். சபையாரிற் சிலர், அங்கே சிலுவையின் பெயரே சொல்லப்படுவதில்லை என்று குறைப்படுவதுண்டு. அக்குறையை அற்பமென்று தள்ளிவிட நான் துணியேன். வெஸ்லியின் வகுப்புத் தலைவர் அங்கே வந்தால், இவர்கள் வாரந்தோறும் கூடுகிறார்களா என்று கேட்டிருப்பார். பக்த் சிங், விடியற்காலையில் யார் முழங்காலில் நிற்கிறார்கள் என்று கேட்டிருப்பார். அசரியாவோ, மதியம் தையல் இயந்திரங்கள் ஓய்ந்தபின் அந்தப் பெண்கள் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து தனித்தனியே உண்கிறார்களா, சேர்ந்தே உண்கிறார்களா என்றுதான் முதலில் விசாரித்திருப்பார்.